ஓனோஃப்ரேயின் வண்டிக்கு இரண்டாவது பிராக்கெட்

ஒருவன் தன் பிழையை எல்லோர் முன்னும் எடுத்து வைக்கிறான். கேட்டவர்கள் அதைப் பிழை என்று ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள். அப்படியானால் அவன் யார் முன் வெட்கப்படுவது? தெல்ஃபினோ ஆர்ச்சுலேத்தா ஒரு தவக்காலம் முழுவதும் இந்தக் கேள்வியோடுதான் இருந்தான். வெட்கத்துக்கு அடுத்தவர் கண் வேண்டும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நானும் அதை நம்பியிருந்தேன். அவனைப் பார்த்த பிறகு அந்த எண்ணத்தை முழுதாகக் கைவிடவில்லை. ஆனால் முன்போல் உறுதியாகச் சொல்வதில்லை.

அவனைப் பெரிய மனிதன் என்று சொல்ல மாட்டேன். எஸ்பன்யோலா ஊருக்கு வடக்கே ஆற்றோர ரோட்டில் சைலன்சர் கடை வைத்திருந்தான். சொன்ன நாளில் எந்த வேலையையும் முடித்துக் கொடுத்ததில்லை. வேறு யாராவது போட்ட வெல்டிங்கைப் பார்த்தால் "கோழி எச்சம்" என்பான், அந்த ஆள் பக்கத்தில் நின்றாலும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடையின் பின்பக்கம் எங்கள் சங்கத்து வண்டிகளைத் தாழ்த்திக் கொடுப்பான். வைக்கோல் ஏற்றச் செய்த பிக்கப் வண்டிகளை ஒரு கட்டு வைக்கோல்கூட ஏற்ற முடியாதபடி தரையோடு தரையாக்குவதுதான் எங்கள் சங்கத்தின் வேலை. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் காற்றுப்பை வைப்போம். காற்றை அடைத்தால் வண்டி எழும். விட்டால் வயிறு தரையில் படியும். அவ்வளவு தாழ வேண்டுமென்றால் சக்கரத்தைச் சேஸிஸோடு பிணைக்கும் லோயர் ஆர்ம் பழைய இடத்தில் இருக்க முடியாது. அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டை வெட்டி எறிந்துவிட்டு, கையால் செய்த ஒன்றை இன்னும் மேலே வெல்டு செய்ய வேண்டும். வண்டியின் பாரம், ரோட்டின் பள்ளம், பிரேக்கின் இழுப்பு எல்லாம் கடைசியில் அந்த உள்ளங்கை அகலத் தகட்டில் வந்துதான் முட்டும்.

ஓனோஃப்ரேயின் நீல வண்டிக்கும் அவன்தான் பிராக்கெட் செய்தான். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதர்கள். தெல்ஃபினோவின் மகளுக்கு ஓனோஃப்ரே ஞானத்தகப்பன் ஆனான். அதுவரை டேய் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அன்றிலிருந்து ஒருவரை ஒருவர் 'கொம்பாத்ரே' என்று அழைத்து, 'நீங்க' என்று பேசத் தொடங்கினார்கள். மனைவிமார் 'கொமாத்ரே'. எங்கள் பக்கத்தில் அது அப்படித்தான். திட்டும்போதுகூட மரியாதையாகத் திட்ட வேண்டும்.

கோடையில் நடக்கும் கண்காட்சியில் வண்டிக்கு அடியில் கண்ணாடி பரப்பி வைப்போம். நடுவர்கள் குனிந்து அடிவயிற்றைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். வெல்டிங் போட்ட இடமே தெரியக் கூடாது, இரும்பு அப்படியே வார்த்து வந்ததுபோல் இருக்க வேண்டும். அதனால் வெல்டிங் மேட்டை எல்லோருமே கிரைண்டரால் கொஞ்சம் தேய்ப்பார்கள். தெல்ஃபினோ கொஞ்சத்தோடு நிற்பவன் அல்ல.

"கொம்பாத்ரே, போதும் விடுங்க. அதுக்கு அடியில எவன் போய்ப் படுத்துப் பாக்கப் போறான்?" என்றான் ஓனோஃப்ரே.

"எவனும் பாக்க மாட்டான். கண்ணாடி பாக்கும்."

கண்ணாடி பார்த்தது, கோப்பையும் கிடைத்தது.

அந்தக் குளிர்காலத்தில் வண்டியைக் கழுவும்போது ஓனோஃப்ரே வலது முன்சக்கரப் பக்கம் மயிர்போல ஒரு கோட்டைப் பார்த்தான். கடைக்குக் கொண்டுவந்து காட்டினான். தெல்ஃபினோ படுத்துக்கொண்டு விளக்கடித்துப் பார்த்தான். நகத்தால் ஒரு தடவை வருடினான்.

"பெயின்ட்டு. குளிருக்கு வெடிச்சிருக்கு."

விரலில் கொஞ்சம் நீலத்தைத் தொட்டுக் கோட்டின் மேல் பூசி அனுப்பிவிட்டான். பொய் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நேரம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அடுத்தவன் வேலையாக இருந்தால் பார்த்திருப்பான்.

தவக்காலம் தொடங்கிய வாரத்தில் ஓனோஃப்ரே தான் வேலை பார்த்த பள்ளி பஸ் கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான், அதோடு சரி. வயது நாற்பத்திரண்டு. பீர் குடிக்கும் நாட்களில் எல்லாம் அவன் சொல்லிவந்த ஒன்று எங்களுக்குத் தெரியும்: "அந்தக் கறுப்புப் பெட்டி வண்டியில என்னை ஏத்தாதீங்கடா. என் வண்டியிலயே படுக்கப் போடுங்க. தாழ்த்தி, மெதுவா." அவன் மனைவி செனாய்தா அதை அப்படியே செய்யச் சொன்னாள். சவப்பெட்டியை நீல வண்டியின் பின்தொட்டியில் வைத்துக் கட்டினோம். ஓட்டும் மரியாதை தெல்ஃபினோவுக்கு.

பூசை முடிந்து சங்கத்து வண்டிகள் எல்லாம் பின்னால் வர, அவன் நடக்கிற வேகத்தில் ஓட்டிப் போனான். கல்லறைத் தோட்டத்து வாசலில் மாடுகள் உள்ளே நுழையாதிருக்கப் பள்ளம் தோண்டி, மேலே இரும்புக் கம்பிகள் பதித்திருக்கும். அதில் ஒரு கம்பி மாதக்கணக்காக வளைந்து கிடந்தது. வலது சக்கரம் அதில் இறங்கி ஏறிய கணத்தில் பிராக்கெட் பிய்ந்தது. சக்கரம் உள்ளே மடங்க, வண்டியின் மூக்கு மண்ணில் குத்தியது. கட்டியிருந்த பட்டை நழுவிப் பெட்டி முன்னால் சறுக்கி, தெல்ஃபினோவின் தலைக்குப் பின்னால் தகரத்தில் மோதியது. யாரோ உள்ளேயிருந்து கூப்பிட்டதுபோல ஒரு சத்தம்.

ஓனோஃப்ரேயின் தம்பி திபூர்சியோதான் முதலில் பேசினான். எந்த இடத்திலும் சும்மா இருக்கத் தெரியாதவன்.

"பாத்தீங்களா? அண்ணன் எறங்க மாட்டேங்கறான். ரிவர்சைடு ரோட்டுல இன்னொரு ரவுண்டு போகணுமாம்."

செனாய்தாவே அழுதுகொண்டு சிரித்துவிட்டாள். சாமியாரும் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். பிறகு ஆறு பேர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார்கள். தெல்ஃபினோ மட்டும் போகவில்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டிபோட்டபடி இருந்தான். மண் போட்டு முடிக்கும்வரை அங்கேயேதான் இருந்தான். சிநேகிதனைப் புதைப்பதைப் பார்க்கத் தாங்கவில்லை என்று பெண்கள் சொன்னார்கள். அவன் பிராக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாவுச் சாப்பாட்டின்போதே பேச்சு கிளம்பிவிட்டது. அந்த வருடம் கோயில் காரியக்காரர் அமதேயோ. எழுபதைத் தாண்டியவர். கோயிலைப் பெருக்குவது, மணி அடிப்பது, கல்லறைத் தோட்டத்து வேலி, வாசல் எல்லாம் அவர் பொறுப்பு.

"அந்தக் கம்பிய நிமித்துங்கன்னு பனிக்கு முன்னாடியே சொன்னோம்."

"சொன்னா? தலைய ஆட்டுவாரு."

அமதேயோ இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தார். தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார்.

மறுநாளே தனியாகப் போய்க் கம்பியை நிமிர்த்தினார். வியாழக்கிழமை சோளக் குழம்புப் பாத்திரம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தெல்ஃபினோவின் கடைக்கு வந்தார்.

"தெல்ஃபினோ, உன் சிநேகிதனை நடுவாசல்ல நிறுத்துனது நான்தாம்ப்பா."

"இல்லைங்க ஐயா, அது வந்து..."

"பேசாத. கெழவி குடுத்தனுப்பிருக்கா. பொசோலே. சூடு ஆறிடும், சாப்பிடு."

அவன் சாப்பிட்டான். பின்னால் ஒருநாள் இதை என்னிடம் சொன்னபோது, "நல்லா இருந்துச்சு" என்றும் சொன்னான். அவன் முகம் அவ்வளவு மோசமாக இருந்து நான் பார்த்ததில்லை. அடுத்த வியாழனும் பெரியவர் வந்தார். அதற்கடுத்த வியாழனும் வந்தார். ஒவ்வொரு தடவையும் மன்னிப்பு. ஒவ்வொரு தடவையும் பாத்திரம்.

இதற்கிடையில் அவன் உடைந்த பிராக்கெட்டை சேஸிஸிலிருந்து வெட்டி எடுத்திருந்தான். உடைந்த விளிம்பில் இரண்டு நிறம் இருந்தது. பாதி வெள்ளிபோல மின்னியது. அது அன்று பிய்ந்தது. மீதிப் பாதி கறுத்த பழுப்பு. குளிர்காலம் முழுவதும் தண்ணீர் புகுந்து துருவேறிய பழைய விரிசல். தேய்த்துத் தேய்த்து வெல்டிங்கே மெலிந்துபோன கோட்டில்தான் அது ஓடியிருந்தது. வளைந்த கம்பி இல்லாவிட்டால் வேறொரு பள்ளம். செத்தவனை ஏற்றிய நாளில் விழாவிட்டால் உயிரோடு ஒருத்தி ஓட்டும் நாளில்.

முதலில் திபூர்சியோவிடம் காட்டினான்.

"இதப் பாரு."

"என்னத்தப் பாக்கணும்?"

"துருவப் பாரு. கம்பி ஒடைக்கல. நான் தேச்ச எடம். பல நாளா ஒடஞ்சுகிட்டே இருந்துருக்கு."

"எல்லாரும்தான் தேய்க்கறோம். என் வண்டிக்கும் நீதான தேச்ச?"

"அதத்தான் சொல்றேன். அதையும் ஓட்டாத."

"போடா டேய். ஒரு சாவுக்கு ஒரு பைத்தியம் போதும், எங்க அம்மா இருக்கா." வண்டியில் ஏறியவன் வேண்டுமென்றே காற்றை விட்டு, அடிச்சட்டம் தார்ச்சாலையில் உரசிப் பொறி பறக்கப் போனான்.

சங்கத்தில் இன்னும் இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தான். ஒருவன் முதுகைத் தட்டினான். இன்னொருவன் பீர் கொடுத்தான். அவன் குற்றத்தை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. இதில் ஊரின் நல்ல மனசு எவ்வளவு, சோம்பல் எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அமதேயோவைக் குறைசொல்வது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. கம்பி கண்ணுக்குத் தெரிகிற பொருள். தெல்ஃபினோவுக்கும் அது வசதிதான். அது வசதி என்று அவனுக்கே தெரிந்ததுதான் அவனைத் தின்றது. போகிற வழியில் பெரியவரைக் கண்டால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போனான். வியாழக்கிழமை மட்டும் தப்பிக்க முடியவில்லை.

குருத்து ஞாயிறன்று பூசைக்குப் பிறகு கோயில் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பெரிய வாரத்துக்கு யார் யாருக்கு என்ன வேலை என்று பிரிப்பது வழக்கம். அமதேயோ எழுந்து கோயில் சாவியை மேசை மேல் வைத்தார்.

"எனக்குக் கண்ணும் போச்சு, கவனமும் போச்சு. வேற யாராவது எடுத்துக்குங்க."

வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர் கொஞ்சம் காத்திருந்தார் என்றுதான் எனக்குப் பட்டது. பிறகு தொப்பியைக் கையில் எடுத்தார்.

தெல்ஃபினோ எழுந்தான். கோட்டுப் பையிலிருந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய இரும்பை எடுத்துச் சாவிக்குப் பக்கத்தில் வைத்தான்.

"கம்பி இல்ல. இதுதான் காரணம். நான் செஞ்சது."

"பாவம், இன்னும் தெளியல" என்றாள் ஒரு கிழவி.

"உக்காருடா" என்று திபூர்சியோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

அமதேயோ மட்டும் அந்த இரும்பைக் கையில் எடுத்து ஜன்னலோரம் போனார். வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் மடைகளின் இரும்புக் கதவுகளோடு மல்லுக்கட்டியவர். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பழைய துரு."

"ஆமாங்க ஐயா."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"அன்னைக்கே. அந்த வாசல்லயே."

பெரியவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"வியாழக்கெழம தவறாம என் வீட்டுச் சோத்தத் தின்னியேடா! ஒரு வியாழக்கெழம வாயத் தொறந்துருக்கலாமே?"

"தொறந்தேன். சோறுதான் உள்ள போச்சு."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த உண்மை அதுதான். அமதேயோ இரும்பை மேசையில் வைத்துவிட்டு, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அந்தக் கூடத்தில் அவன்மேல் கோபப்பட்டவர் அவர் ஒருவர்தான். தெல்ஃபினோ அவர் போன வாசலையே பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது, இத்தனை நாளில் அவனுக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுவோ என்று தோன்றியது.

செனாய்தா கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள்.

"கொம்பாத்ரே, எங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

இதை மட்டும் அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"பாத்தாரு, கொமாத்ரே. கோடு தெரியுதுன்னு என்கிட்ட கொண்டாந்து காட்டுனாரு. பெயின்ட்டுன்னு நான்தான் சொன்னேன்."

"நம்பினாரா?"

"நம்பினாரு."

"அப்புறமும் என்னையும் புள்ளைங்களையும் அதுல ஏத்திகிட்டுப் போனாரு. சாந்தா ஃபே வரைக்கும்."

"ஆமா."

அவள் மேசை மேல் இருந்த இரும்பைத் தொடவில்லை.

"வண்டிய சரிபண்ணிக் குடுங்க. ஆஸ்பத்திரி சலவை வேலைக்கு நான் தெனமும் போகணும். அதுலதான் போகப்போறேன்."

"ஒசத்திக் குடுத்துடறேன் கொமாத்ரே. ஒசரமா இருந்தா பயமில்ல."

"பயம் உங்களுக்கு. அவரு வச்ச உயரத்துலயே இருக்கணும்."

பெரிய வாரம் முழுவதும் கடையின் முன்கதவு சாத்தியே இருந்தது. பின்பக்கம் வேலை. ஜாக்கியைப் பார்த்துக்கொள்ள நான் போனேன். முதலில் அட்டையில் வெட்டி வடிவம் பார்த்தான். பழையதைப்போல் இரண்டு மடங்கு கனமான தகட்டை எடுத்தான். ஆர்மை இரண்டு பக்கமும் பிடிக்கும் காதுகள் இரண்டு. அவை விரியாதபடி முதுகில் ஒரு தகடு. பக்கவாட்டில் முக்கோணத் தாங்கல். பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் பரவ, சேஸிஸின் மேல் தனியாக ஒரு அகலத் தகடு. காதுகள் கோணாமல் இருக்க நீளமான போல்ட்டைக் குறுக்கே மாட்டி முறுக்கி வைத்துக்கொண்டு, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று, சூடு ஓரிடத்தில் தங்கிவிடாமல் வெல்டு செய்தான்.

இடம், வலம் இரண்டுக்குமாக முதலில் செய்த ஜோடி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதை வைஸில் பிடித்து, பெரிய சுத்தியலால் பிளக்கும்வரை அடித்தான். பிளந்த இடத்தில் வெல்டிங் தகட்டுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தான். ஒரு ஓரத்தில் மேலோடு ஒட்டியிருந்தது, உள்ளே பிடிக்கவில்லை.

"இவ்வளவு போதாதா?" என்றேன்.

"இதே வார்த்தையத்தான் எனக்கு நானே சொல்லிகிட்டேன், போன தடவ."

அவன் தேய்க்கும் நேரமெல்லாம் வெல்டு செய்வதற்கு முன்புதான். பெயின்ட்டையும் துருவையும் எடுத்து இரும்பைப் பளிச்சென்று ஆக்குவதற்கு. வெல்டு செய்த பிறகு கிரைண்டரைத் தொடவில்லை. இரண்டாவது ஜோடியில் மேடு மேடாக, அலை அலையாக, தடித்துத் தெரிந்தது. அவனுடைய பழைய வாயால் சொல்வதென்றால் கோழி எச்சம். மேலே நீலம் அடிக்காமல் வெளிறிய சாம்பல் நிறம் ஒரு பூச்சு மட்டும் அடித்தான்; விரிசல் விழுந்தால் கறுப்பாகத் தெரியட்டும் என்று.

சனிக்கிழமை செனாய்தா சலவைக்கூடத்து உடையிலேயே வந்தாள். ஒரு அட்டையைத் தரையில் போட்டு அடியில் படுத்துப் பார்த்தாள். அவனும் பக்கத்தில் படுத்தான்.

"என்ன இது, இப்படி இருக்கு?"

"இப்படித்தான் இருக்கணும்."

"அவருக்குப் புடிச்சிருக்காது."

"புடிச்சிருக்காது."

"தேச்சு விட மாட்டீங்களா?"

"மாட்டேன்." விளக்கை நகர்த்தி விரலால் காட்டினான். "இந்த ஓரம், இந்த மூலை. மாசம் ஒரு தடவ படுத்துப் பாருங்க. ஒரு கோடு தெரிஞ்சுதுன்னா என்கிட்ட வந்து கேக்காதீங்க கொமாத்ரே. வண்டிய நிறுத்திருங்க."

"உங்ககிட்ட கேக்காம?"

"என்கிட்ட மட்டும் கேக்காதீங்க."

அவள் அந்த மூலையை நகத்தால் வருடிப் பார்த்தாள். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு, வண்டியைத் தரையோடு தாழ்த்தி ஓட்டிப் போனாள். இன்றுவரை அது ஓடுகிறது.

அந்தக் கோடையில் சங்கத்து வண்டிகளில் தான் தேய்த்த ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கி வெட்டி எடுத்துப் புதிதாக வைத்தான். திபூர்சியோ கடைசியாகத்தான் கொடுத்தான். கழற்றிய பிராக்கெட்டில் விரிசல் எதுவும் இல்லை என்று ஒரு வருடம் சொல்லிக்காட்டினான். அமதேயோ மிளகாய் அறுவடைவரை அவனிடம் பேசவில்லை. பிறகு தலையை மட்டும் அசைத்தார். பொசோலே வரவேயில்லை. இதெல்லாம் சேர்ந்து அவனை நல்லவனாக்கிவிட்டது என்று நான் சொல்லவில்லை. வேலையை இன்னும் தாமதமாகத்தான் கொடுக்கிறான்.

அவனுடைய சொந்த வண்டி பச்சை நிறம். எங்கள் பள்ளத்தாக்கிலேயே அதைவிடத் தாழ்ந்த வண்டி கிடையாது. முதல் பனி விழுவதற்கு முந்தின ஞாயிறன்று நாங்கள் வழக்கம்போல ரிவர்சைடில் வரிசையாக நிறுத்தியிருந்தபோது அது வந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த உயரத்துக்கு ஏற்றியிருந்தான்; ஒரு சாண் கூடவே இருக்கும். காற்றுப்பை இல்லை. பழைய ஸ்பிரிங்.

"யாரு, வைக்கோல் ஏத்த வந்துட்டியா?" என்று திபூர்சியோ கத்தினான். "எறங்கறதுக்கு ஏணி கொண்டு வரட்டுமாடா?"

தெல்ஃபினோ சிரித்தான். வரிசையின் கடைசியில், எல்லா வண்டிகளுக்கும் மேலே தலை தெரிய நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். பயந்துவிட்டான் என்று சிலர் சொன்னார்கள். நேர்ச்சை என்றார்கள் சிலர். முட்டிவலி என்றாள் அவன் மனைவி. நான் ஒரு தடவை நேராகவே கேட்டேன்.

"வண்டி நல்லா ஓடுது" என்றான்.

மற்றவர்கள் கேட்டால் இன்றும் வண்டிகளைத் தரைவரை தாழ்த்திக் கொடுக்கிறான். ஞாயிறு தவறாமல் அந்த உயர வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வரிசையில் நிறுத்துகிறான்.